கண்ணா மரங்களுக்குள் அண்ணனின் லோஞ்சு

மட்டக்களப்பு வாவியின் தென்கோடியில் மூழ்கிக் கிடக்கும் லோஞ்சைப் பார்க்க நான் போனது, சண்டை சற்று ஓய்ந்திருந்த ஓர் ஆவணி மாதத்தில். அன்று நோட்டில் குறித்து வைத்ததைக் கொண்டுதான் எழுதுகிறேன். கட்டணங்களும் அன்றையவை.

லோஞ்சு என்றால் பெரிய கப்பல் இல்லை. முப்பது பேர் ஏறக்கூடிய மரப் படகு, டீசல் எஞ்சின். அதை ஓட்டியவர் என் அண்ணன் தவம். ஷெல் விழத் தொடங்கிய ஒரு பகலில், மண்டூர்த் துறையில் ஐம்பது பேருக்கு மேல் அடித்துப் பிடித்து ஏறிவிட்டார்கள். நடு வாவியில் தண்ணீர் புகுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். ‘ஆக்களை விட்டுவிட்டு நீந்தித் தப்பியவன்’ என்று அண்ணனுக்குப் பெயர் வந்தது. அவர் மறுத்து ஒரு சொல் பேசவில்லை. தன்னாமுனையில் சைக்கிள் திருத்த ஆரம்பித்தார். ஐந்து வருடம் அப்படியே போனது. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களும் அந்தக் கதையை எடுத்தபோது, நேரே போய் விசாரிப்பதென்று முடிவெடுத்தேன்.

“போகாத புள்ள. செத்தவங்கட ஆக்கள் அங்க இரிக்காங்க” என்றார் அண்ணன்.

“அவங்களிட்டத்தான் கேக்கப் போறன்.”

காலை 6.15க்கு மட்டக்களப்பில் பஸ். களுவாஞ்சிகுடிக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர், பதினெட்டு ரூபாய். வழியில் இரண்டு சோதனைச் சாவடிகளில் இறக்கி, பையைக் கொட்டிப் பார்த்தார்கள். அங்கிருந்து குருமண்வெளித் துறைக்கு ஓட்டோ. துறையில் ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவையை இங்கே ‘பாதை’ என்பார்கள். அக்கரையில் மண்டூருக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய், இருபது நிமிடம்.

பாதைக்காரரிடம் லோஞ்சைப் பற்றிக் கேட்டேன். “பூமணியக்காட்டக் கேளுங்க. அவட மனிசன் அதிலதான் செத்தவர்” என்றார். மண்டூரில் இறங்கி அவர் வீட்டுக்கு வழி கேட்டேன். பிறகு போனேன்.

பூமணியக்கா வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் தவத்தின் தங்கச்சி என்றதும் நிமிர்ந்து பார்த்தார். தோணியை அவிழ்த்து, “ஏறு” என்றார்.

அரை மணி நேரம் துடுப்பு வலித்தார். கரையோரம் சேற்றில் நிற்கும் கண்ணா மரங்களுக்குள் லோஞ்சின் முன்பக்கம் செருகிக் கிடந்தது. பின்பாதி தண்ணீருக்குள்.

“தண்ணி ஏறின உடன உன்ட அண்ணன் இந்தச் சேத்துக்குத்தான் திருப்பினவன். பயந்து அந்தரப்பட்டு நாங்க கொஞ்சப் பேர் ஆழத்துக்குள்ள குதிச்சிட்டம்.”

“அவர் நீந்தித் தப்பினது எண்டுறாங்களே, அக்கா?”

“நீந்தினவன்தான். எத்தினை தரம் எண்டு கேட்டாங்களா? லோஞ்ச இதில குத்திட்டு, திரும்பித் திரும்பி வந்து ஆறு பேர இழுத்தெடுத்தவன். என்னையும் தலமயிரில புடிச்சி இழுத்தவன். என்ட மனிசனத் தேடித்தான் கடைசியாப் போனவன். கிடைக்கல்ல.”

“நீங்க ஏன் ஒருத்தரிட்டயும் சொல்லல்ல?”

“ஆரு வந்து கேட்ட? நாங்க அடுத்த நாளே வெல்லாவெளிப் பக்கம் ஓடிட்டம்.” துடுப்பைப் போட்டுத் தோணியைத் திருப்பினார். “நட, இண்டைக்கே அவனப் பாக்கணும்.”

மாலை நான்கரைக்கு இருவரும் தன்னாமுனையில் இறங்கினோம். அண்ணன் எழுந்து நின்றார். “அக்கா, உங்கட மனிசனக் கொண்டர ஏலாமப் போயிட்டு” என்றார். அன்று வாவியில் நடந்ததைப் பற்றி அந்த ஐந்து வருடத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை. பூமணியக்கா அவருடைய எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் தேத்தண்ணீர் போட உள்ளே போய்விட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஆவணி, புரட்டாதியில் போனால்தான் லோஞ்சு தெரியும். மாரியில் ஆறுகள் நிரம்பி, வாவி அந்தப் பக்கம் உப்பில்லாத நன்னீராகிவிடும்; லோஞ்சைத் தண்ணீர் மூடிவிடும். குடை கொண்டுபோங்கள். பலகையில் ஏறி நிற்க வேண்டாம், உளுத்துவிட்டது.

ஊர்ப் பேச்சு முழுக்க அடங்கிவிடவில்லை. யாராவது என் காதுபட ஆரம்பித்தால், மண்டூருக்குப் பாதை எத்தனை மணிக்கு என்று சொல்லி, பூமணியக்காவைக் கேட்டுவிட்டு வரச் சொல்வேன். இதுவரை மூன்று பேர் போய் வந்திருக்கிறார்கள்.