ஒத்திகையில் இறந்தவள்

உயர்தரம் படித்த இரண்டாவது வருடம், எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் முதலுதவிக் கழகத்துக்கு நான் செயலாளராக இருந்தேன். புதன்கிழமைக் கூட்டங்களுக்கு அறிக்கை எழுதுவது, பஞ்சும் கட்டுத்துணியும் இருந்த அலுமாரியின் சாவியை வைத்திருப்பது, கழகம் செய்வதையெல்லாம் படமெடுத்து வைப்பது ஆகியவை என் வேலைகள். மூன்றாவது வேலையை நான் செய்த விதத்தால் ஒரு தாய் தன் மகள் இறந்துவிட்டதாக நம்பினாள். பன்னிரண்டு நாட்கள் எவராலும் அந்த நம்பிக்கையை மாற்ற முடியவில்லை, மகளாலும் கூட.

பாடசாலைக்குப் பின்னால் மலை செங்குத்தாக நிற்கிறது. மழைக்காலம் தொடங்குமுன் மண்சரிவு ஒத்திகை ஒன்று நடத்த வேண்டுமென்று அதிகாரி ஒருவர் வந்தார். மணி அடித்ததும் வகுப்புகள் வெளியேற வேண்டும். கழகத்துப் பிள்ளைகள் காயப்பட்டவர்களைத் தூக்கி வந்து மைதானத்தில் கிடத்தி, காயத்துக்கேற்ற நிறத்தில் அட்டை கட்ட வேண்டும். சிவப்பென்றால் அவசரம், மஞ்சள் என்றால் சற்றுப் பொறுக்கலாம், பச்சை என்றால் நடந்து போகலாம். கறுப்பு, இறந்தவர்களுக்கு.

சிவப்புக்குப் பெரிய போட்டி இருந்தது. சாயம் பூசிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் போகலாம் அல்லவா? கறுப்புக்கு ஒருவரும் கை உயர்த்தவில்லை.

"நான் செத்துக்கிறேன் அக்கா," என்றாள் பத்தாந்தரத்து மாணவி ஒருத்தி. "செத்தா ஓட வேணாம்தானே?"

"ஒன்னைய தூக்கிட்டு வந்தா நாங்க நெஜமாவே செத்துருவோம்டி," என்றாள் அவளுடைய சிநேகிதி. எல்லோரும் சிரித்தோம்.

ஒத்திகை நாளன்று மெல்லிய தூறல். நோயாளர் அறையின் வெள்ளைப் போர்வையை மூடிக்கொண்டு அவள் புல்லில் கிடந்தாள். அதிகாரி குனிந்து பார்த்து, "மெரிச்ச கெனா ஹினாவெனவா," என்று சிங்களத்தில் சொன்னார். செத்தவள் சிரிக்கிறாளாம். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் அசையவுமில்லை.

கறுப்பு அட்டையை மணிக்கட்டில் கட்டச் சொல்லியிருந்தார்கள். ஆனால் கழகத்துச் சின்னப் பிள்ளைகள் அவளுடைய இரண்டு கால் பெருவிரல்களையும் வெள்ளைத் துணிக்கிழிசலால் சேர்த்துக் கட்டி, அந்த முடிச்சில் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதை அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை. செத்தவர்களுக்கு அப்படித்தான் கட்டுவது என்பது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். நானும் கண்டேன். திருத்த வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை.

முகம் தெரியும்படி போர்வையை விலக்கி, கால்வரைக்கும் விழும்படி இரண்டு படங்கள் எடுத்தேன். குளிரில் அவளுடைய உதடுகள் வெளுத்திருந்தன. கண்கள் முழுதாக மூடியிருக்கவில்லை. இமைகளுக்கிடையில் வெள்ளை ஒரு கோடாகத் தெரிந்தது. "எழும்பு, போதும்," என்றேன். பதிலில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டேன். பிறகு, பயிற்சியில் சொல்லித்தந்தபடி, கழுத்தில் இரண்டு விரல் வைத்தேன். நாடி துடித்துக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு விரல்களை எடுத்தேன்.

தெரணியகலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்துகொண்டே படங்களைக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். ஒத்திகை என்று விளக்கி நீளமாக ஒரு செய்தியும் எழுதினேன். படங்கள் போயின. பஸ் வளைவில் திரும்பியதும் சிக்னல் போய்விட்டது, செய்தி போகவில்லை. போனைப் பைக்குள் வைத்தவள், மறுநாள் காலைவரை அதைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

காலையில் பார்த்தபோது, அவளுடைய முகத்தைச் சுற்றி மாலை வரைந்து, "கண்ணீர் அஞ்சலி" என்று எழுதிய படம் ஒன்று எனக்கே போனில் வந்திருந்தது. அதில் தோட்டத்தின் பெயரும் மண்சரிவு என்ற சொல்லும் இருந்தன. குழுவிலிருந்த யாரோ உறவினருக்கு அனுப்ப, அவர் இன்னொருவருக்கு அனுப்ப, படம் கடல் கடந்திருந்தது. அவளுடைய அம்மா குவைத்தில் வீட்டுவேலை செய்துகொண்டிருந்தார்.

பத்து மணியளவில் அவளை வளர்த்துவந்த சித்தி பாடசாலைக்கு ஓடி வந்தார். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைக் கூட அவிழ்க்கவில்லை. "புள்ள ஸ்கூல்ல இருக்கா, நல்லா இருக்கான்னு சொல்றேன். அக்கா கேக்கவே மாட்டேங்குது," என்று என்னைப் பார்த்து அழுதார். "நான் சொன்னா நம்பாது. எப்புடி நம்பும்?"

ஏன் நம்பாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எங்கள் பக்கத்தில் சாவைச் சொல்வதில்லை. தனியாகக் கிடந்து அழுவார்கள், வேலை கெடும், ஏதாவது செய்துகொள்வார்கள் என்ற பயம். இரண்டு வருடங்களுக்கு முன் அம்மாவுக்கும் சித்திக்கும் தகப்பனானவர் இறந்தபோது, அப்பா தூங்குகிறார், அப்பாவுக்குக் காது கேட்பதில்லை, அப்பா கோயிலுக்குப் போயிருக்கிறார் என்று ஐந்து மாதம் சொன்னவர் இந்தச் சித்திதான். அன்பினால் சொன்ன பொய்தான். ஆனால் "நல்லா இருக்காங்க" என்ற சொல்லை அது அந்தக் குடும்பத்தில் மரணச் செய்தியாக மாற்றிவிட்டிருந்தது.

பாடசாலைப் பக்கத்தில், மேலே தண்ணித் தாங்கி இருக்கும் மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். வேலை செய்யும் வீட்டில் அம்மா இனிப் போனைத் தொட அனுமதி கிடைப்பது பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் என்பதால், அந்த நேரத்துக்கு நானும் அவளும் சித்தியும் மேட்டில் காத்திருந்தோம்.

"அம்மா, நான்தாம்மா பேசுறேன்."

மறுமுனையில் எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீ யாரு புள்ள?" அந்தக் குரலில் கோபமில்லை. "எங்க தங்கச்சி பேசச் சொன்னாளா? ஒன்னைய ஏசல. அவ மாதிரியே பேசுற. யாரு புள்ள நீ?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, அதற்குள் யாரோ இருப்பதுபோல் உற்றுப் பார்த்தாள்.

வீடியோவில் எடுத்தோம். படம் வந்த கணமே உறைந்தது. வாய் சற்றுத் திறந்து, இமைகள் பாதி மூடி, வெள்ளை ஒரு கோடாகத் தெரிய, திரையின் மூலையில் அவளுடைய முகம் நின்றுவிட்டது. மைதானத்தில் நான் எடுத்த முகம் அது. அடுத்த முனையில் ஒருவர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. தொடர்பு அறுந்தது.

மறுநாள் நானே பேசினேன். ஒத்திகை என்றேன், படமெடுத்தது நான்தான் என்றேன், மன்னிப்புக் கேட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், "நீங்க படிக்கிற புள்ளைங்க, நல்லாச் சொல்றீங்க," என்றார். "ஒத்திகைன்னா எதுக்குங்க கால்வெரல கட்டுனீங்க?"

"அது வந்து... சின்னப் புள்ளைங்க..." என்று இழுத்தேன். அந்தச் சிறு தயக்கமே அவருக்குப் போதுமாயிருந்தது. அதன் பிறகு அந்த எண் இயங்கவில்லை.

அவள் தினமும் பாடசாலைக்கு வந்தாள். "ஏய், ஒனக்குக் கருமாதி எப்ப?" என்று முதலிரண்டு நாட்கள் கேலி செய்தவர்கள், அவள் பதிலுக்கு ஏசாததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்கள். மெல்ல மெல்ல, வகுப்பில் அவள் உட்காரும் வாங்கில் அருகே இருந்த இடமும் காலியானது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. கழகக் கூட்டத்தில் நான் தீக்காயங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் தன் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள். கூட்டம் முடியும்வரை விரல்களை எடுக்கவில்லை.

"சித்தி காலையில எழுப்புறதில்ல அக்கா," என்றாள் என்னிடம். "கிட்ட வந்து நின்னு, நானா எழும்புறேனான்னு பாக்குது."

பன்னிரண்டாம் நாள் பிற்பகல், பாடசாலை வாசலில் முச்சக்கரவண்டி ஒன்று நின்றது. ஓட்டுநர் என்னைக் கூப்பிட்டு, வெளிநாட்டுப் பையோடு ஒரு அம்மாவை டவுனிலிருந்து ஏற்றி வந்ததாகச் சொன்னார். லயத்துக்குப் போகச் சொல்லவில்லையாம், மயானத்து வளைவில் இறங்கிக்கொண்டாராம். "பேசவே இல்ல நங்கி," என்றார், தங்கச்சியைச் சிங்களத்தில் கூப்பிடுவதுபோல். " அதான் பயமா இருந்திச்சி."

நானும் அவளும் நடந்தோம். மயானம் தேயிலைக்கும் றப்பருக்கும் நடுவே ஒரு சரிவு. மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கியிருந்தது. மூன்று நாட்களுக்கு முன் புதைக்கப்பட்ட ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவரின் மேட்டில் பூக்கள் இன்னும் கறுக்கவில்லை. அந்தத் தோட்டத்தில் புதுமண் அது ஒன்றுதான். அதன் பக்கத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா உட்கார்ந்திருந்தார். ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது. அழுது மன்றாடி வந்திருக்கிறார் என்று பிறகு அறிந்தோம். எந்த வீட்டுக்குக் கூரை போடுவதற்காகப் போனாரோ, அதற்கு இன்றும் தார்ப்பாய்தான். அதற்கு நான் காரணம் என்பதை யாரும் என்னிடம் சொன்னதில்லை; நானாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

"அம்மா."

அவர் திரும்பவில்லை. "அங்கயும் இப்புடித்தான் கூப்புட்ட," என்றார் மண்ணைப் பார்த்தபடி. "நானும் வந்துட்டேன்ல. இனி கூப்புடாத, தூங்கு."

வெள்ளைச் சீருடையில் மூட்டத்துக்குள் நின்ற அவளை நான் பார்த்தேன். அந்த நேரத்தில் நானே ஒரு அடி பின்னால் வைத்தேன் என்பதை இங்கே எழுதாமல் விடுவது நேர்மையாகாது. அவள் பின்வாங்கவில்லை. நேரே போய் அம்மாவின் முன்னால் குந்தி, அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தாள். கை சற்று நேரம் அங்கேயே இருந்தது. பிறகு அது விலகி, ஓங்கி, அதே கன்னத்தில் விழுந்தது. இன்னொரு அடி. மூன்றாவது அடிக்கு உயர்ந்த கை அவளுடைய தலையைப் பிடித்து இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டது.

அப்போதுதான் ஒப்பாரி தொடங்கியது. மகளை மடியில் வைத்துக்கொண்டே, போய்விட்ட மகளைப் பேர்சொல்லி, பிறந்த நாளிலிருந்து வரிசையாக. நான் தடுக்கப் போனேன்.

"விடுங்க அக்கா," என்றாள் அவள், மடியில் இருந்தபடியே. "அங்க அழ விட்டிருக்க மாட்டாங்க."

மேல் பாதையில், தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ் டிவிசனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கொழுந்துக்காரப் பெண்கள் சத்தம் கேட்டு நின்றார்கள். அழுகை கேட்டால் கடந்து போகும் வழக்கம் எங்களிடம் இல்லை. கூடைகளை வைத்துவிட்டு இறங்கி வந்து, யாரென்று கேளாமலே அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அவர்களும் அழத் தொடங்கினார்கள். சற்றுக் கழித்து அவர்களில் மூத்தவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, மெதுவாகக் கேட்டார்:

"யாரும்மா தவறிட்டது?"

நான் வாயைத் திறக்கும் முன், மடியிலிருந்து அவள் தலையைத் தூக்கினாள்.

"யாருமில்ல அத்தை," என்றாள். "எங்கம்மா வந்திருக்காங்க."