எண்ணெய்க் கையும் என் வெப்சைட்டும்

குற்றாலத்தில் மூலிகை எண்ணெய் விற்கும் செல்வி அக்காவிடம், அவர் கடைக்கு நான் செய்த வெப்சைட்டைக் காட்டப் போனேன். மெல்லிய எழுத்து, குட்டிக் குட்டி பட்டன். பார்க்க அவ்வளவு அழகு!

அக்கா என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெயை ஊற்றினார்.

“தலையில நல்லா தேய்ச்சுக்கிடுங்க தம்பி. இப்போ ஒரு பாட்டில் ஆர்டர் போடுங்க பாப்போம்.”

எழுத்து தெரியவில்லை. பட்டனில் விரல் நிற்கவில்லை. நாலாவது முயற்சியில் போனே வழுக்கி அவர் மடியில் விழுந்தது.

“எதுக்குக்கா இப்படி?”

“எண்ணெ தீந்துட்டுன்னு எப்பத் தெரியும்? தேய்க்கையிலதான? கண்ணாடியக் கழத்தி வச்சிட்டு, அந்தக் கையோடதான் போனை எடுப்பாவ.”

அசந்துபோனேன். ஆறு வருடமாக இதுதான் என் தொழில். ஒருநாளும் எனக்கு இது தோன்றியதில்லை.

தென்காசி பஸ்ஸில், துடைத்தும் போகாத எண்ணெயோடு இதை டைப் செய்கிறேன்.

இட்லி மாவு விற்க சைட் செய்துகொண்டிருக்கும் நண்பர்களே, இப்போது உங்கள் கை சுத்தமாகவா இருக்கிறது?