பெட்டிக்குள் ஒளிர்ந்த புதுப் புரதம்

1979இல் பதுளைக்கு அருகே ஒரு தேயிலை ஆய்வுகூடத்தில் காத்தமுத்து உதவியாளராக இருந்தார். புற ஊதா விளக்கும் மஞ்சள் கண்ணாடியும் கேமராவும் பொருத்திய இருட்டுப் பெட்டியைத் துடைத்து வைப்பது அவர் வேலை. தேயிலைச் சாறு ஊறிய தாளில் சாயம் தெளித்து உள்ளே வைத்தால், சாற்றிலுள்ள புரதங்கள் புள்ளிகளாக ஒளிரும்.

ஒருநாள் தாளின் ஓரத்தில் ஐந்து புதிய புள்ளிகள் பளிச்சிட்டன. ஆய்வாளர் ஸுபைரா துள்ளிக் குதித்தார்.

"புதுப் புரதம்! உடனே கொழும்புக்கு எழுதணும்!"

காத்தமுத்து பதறிக் குறுக்கிட்டார். "எழுதிறாதீங்க மிஸ். பருப்புச்சோறு சாப்பிட்ட கையோட நான்தான் அந்தத் தாளை எடுத்தேன். கையில ஒட்டின கறி மஞ்சள்தான் அப்படி மின்னுது போல."

"எங்க, கையை உள்ள வைங்க பார்ப்போம்."

வைத்தார். ஐந்து விரல் நுனிகளும் ஜொலித்தன. ஸுபைரா கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, அதைப் படமும் எடுத்தார். அந்தப் பெட்டியில் எடுத்ததிலேயே தெளிவான படம் அதுதான். காத்தமுத்து அதைக் கேட்டு வாங்கி, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தன் வீட்டுச் சுவரில் மாட்டினார்.