தேர் போன மறுநாள்

வில்லியனூர் கடைத்தெருவில் முஸ்கான் வளர்ந்தது கஸ்தூரியின் முந்தானையில். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. முஸ்கானின் அப்பா ஷேக் மைதீன் பாய்க்கு ஃபேன்சி ஸ்டோர். வீட்டில் அம்மா நோயாளி என்பதால் பிள்ளையைக் கடைக்கே தூக்கி வந்துவிடுவார். வளையல் பார்க்க நாலு பேர் வந்துவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது? கடை ஓரத்தில் பூ விற்ற கஸ்தூரி, தன் முந்தானையைக் குழந்தையின் கவுனோடு சேர்த்து முடிச்சுப் போட்டு உட்கார வைத்துக்கொள்வாள். விட்டால் பஸ்ஸுக்கும் கரும்பு டிராக்டருக்கும் நடுவே ஓடிவிடும். எதிரே தையல் மிஷினை மிதித்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்தவள் இந்த ஜெயசுதா.

அந்தப் பிள்ளைதான் சென்னைக்குப் போய் ஆர்க்கிடெக்ட் படித்து, அதற்கும் மேலே ஊரையும் தெருவையும் வடிவமைக்கிற படிப்பில் சேர்ந்தது.

"தெரு போடறதுக்கு இன்னாடி படிப்பு? தார ஊத்தினா தெரு" என்று கிண்டல் செய்தேன்.

"தார ஊத்தினா வண்டிக்குத் தெரு, ஜெயாக்கா. மனுஷன் எங்க நடக்கறது?" என்றாள். இந்தத் தெருவில் என் வாயை அடைத்தவள் அவள் ஒருத்திதான்.

கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு எங்கள் தெருவையே எடுத்துக்கொண்டாள். டேப்பும் கையுமாக வெயிலில் அலைந்தாள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்கே தெருவைத் தாண்டுகிறார்கள், தேர் எவ்வளவு ஒட்டித் திரும்புகிறது, எல்லாம் பார்த்தாள். படத்தில் அகலமான நடைபாதை, தேர்ச் சக்கரம் ஏறி இறங்கும்படி தாழ்வாக. ஓரம் நெடுகப் புங்க மரம். மரத்தடிக்கு மரத்தடி, கடை வைக்க ஒரு மேடை. பாய் கடைக்கு நேரே மஞ்சள் புடவைக்காரி ஒருத்தி பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"இது நானா பாப்பா? மூக்கு சரியில்லையே" என்றாள் கஸ்தூரி. சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

படம் சாலை வேலை பார்க்கும் அதிகாரிகள் வரை போனது. இதையே கட்டிவிடலாம் என்றார்கள். ஓரக் கடைக்காரர்களை எழுப்புகிற வேலையை மட்டும் முஸ்கானிடம் விட்டார்கள். கெட்டிக்காரர்கள்.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. தேர் வருகிற அன்றைக்கு ஓரக் கடைக்காரர்கள் தாங்களாகவே தார்ப்பாயை அவிழ்த்து, கூடையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். மறுநாள் காலையில் அவரவர் இடம் அவரவருக்கு. ஒருத்தர் இடத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்ததாகச் சரித்திரமே கிடையாது.

முஸ்கான் அதைத்தான் சொன்னாள். "தேருக்கு எடுக்கற மாதிரிதான் அக்கா. வேலை முடிஞ்சதும் அதே எடத்துல வந்து உக்காரலாம்."

எல்லாரும் கஸ்தூரியின் முகத்தைப் பார்த்தார்கள். "பாப்பா சொல்லுதில்ல" என்று அவள்தான் முதலில் கூடையைத் தூக்கினாள். மற்றவர்களும் எழுந்தார்கள். எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தேரிடம் யார் எழுதி வாங்குவார்கள்?

முஸ்கான் பரீட்சைக்குச் சென்னை போன சமயம் வேலை முடிந்தது. நடைபாதை வந்தது, மரக்கன்றும் வந்தது. மேடை வரவில்லை. மேடை வரவேண்டிய இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு இடுப்பு உயரத்துக்கு எவர்சில்வர் கம்பித் தடுப்பு வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

முஸ்கான் பதறிக்கொண்டு வந்து ஆபீசில் கேட்டாள். "நீங்க போட்ட படந்தாம்மா. கடைங்க அடுத்த கட்டத்துல வரும்" என்று அனுப்பிவிட்டார்கள். நேரே என் கடைக்கு வந்து வெட்டுத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். "நான் சொல்லித்தானே எழுந்தாங்க, ஜெயாக்கா."

"நீ இன்னாடி பண்ணுவ? அவனுங்க நல்லா இருப்பானுங்களா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். கத்தி என்ன பயன்? வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

பாய் தன் கடைக்குள்ளேயே கஸ்தூரிக்கு இடம் கொடுத்தார். பஸ்ஸுக்கு ஓடுகிற பெண்கள் படியேறி உள்ளே வந்தா பூ வாங்குவார்கள்? ரயில்வே ஸ்டேஷன் பக்கம் உட்கார்ந்து பார்த்தாள், அங்கேயும் விற்கவில்லை. கடைசியில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடக்க ஆரம்பித்தாள். கால் வீங்கிப்போயிற்று. முஸ்கானின் படத்துக்குக் காலேஜில் முதல் பரிசு கிடைத்ததாம். அதை அவள் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. ஊருக்கு வந்தால் பின்சந்து வழியாகவே வீட்டுக்குப் போனாள்.

வைகாசியில் தேர் வந்தது. கம்பி இருந்தால் தேர் திரும்பாது. முந்தின நாளே ஆட்கள் வந்து கழற்றி ஓரமாக அடுக்கிவிட்டார்கள். தேர் நிலைக்குப் போனதும் பார்க்கிறேன், கஸ்தூரி தன் பழைய இடத்தில் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முஸ்கான் தரையில் உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுத்தாள். கொண்டு வந்த பூ மொத்தமும் விற்றுப்போனது. எனக்கு அன்றைக்குச் சோறு ருசித்தது.

மறுநாள் காலையில் கஸ்தூரி புதுப் பூவோடு வந்தபோது, ஆட்கள் கம்பியை அதே இடத்தில் வைத்து முடுக்கிக்கொண்டிருந்தார்கள். முஸ்கான் அப்பா கடையிலிருந்து ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கஸ்தூரிதான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"வுடு பாப்பா. நீ சொன்னது சரிதான். தேருக்கு எடுத்தது மறுநாளே அதே எடத்துக்கு வந்துடுது பாரு."

கேலியாகச் சொன்னாளா, சமாதானத்துக்குச் சொன்னாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். முஸ்கான் அவள் முந்தானை நுனியைப் பிடித்தாள். கஸ்தூரி அதை மெதுவாக விடுவித்துக்கொண்டு நடந்தாள். வெயில் ஏறுவதற்குள் இன்னும் பல தெரு போக வேண்டியிருந்தது.