"வெரல்லயே மாட்டிக்கிட்டு புடிங்க" என்றேன்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில், மண் கலக்கும் மெஷினில் வேலை பார்க்கிறேன். வளையல், மோதிரத்தோடு யாரும் மெஷின் பக்கம் வரக்கூடாது என்று புதிதாகச் சேரும் பெண்களுக்குச் சொல்லித் தருவதே நான்தான்.

எங்கள் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு, நானும் என் கணவரும் தெரிந்த பத்தரின் நகைப் பட்டறைக்குப் போனோம். எங்கள் மோதிரங்களை நாங்களே செய்ய வேண்டும் என்று ஆசை. நாங்கள் வளைத்துத் தட்ட, பத்தர் பற்றவைத்துக் கொடுத்தார். மதியத்துக்குள் இரண்டும் தயாராகிவிட்டன. பாலிஷ் மட்டும் பாக்கி.

"மரப்பிடியில மாட்டிப் புடிங்க" என்று சொல்லிவிட்டு, பத்தர் போன் பேச வாசலுக்குப் போனார். மோட்டாரில் சுழன்ற பாலிஷ் துணிச் சக்கரம் என் கணவரின் மோதிரத்தை மரப்பிடியிலிருந்து இரண்டு முறை தட்டிவிட்டது.

"ஏங்க, வெரல்லயே மாட்டிக்கிட்டு புடிங்க, நழுவாது" என்றேன்.

மாட்டினார். சக்கரத்தில் பிரிந்திருந்த நூல் மோதிரத்தில் சிக்கி, விரலோடு சேர்த்துச் சுருட்டி இழுத்தது. நான் சுவிட்சை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அந்த விரலையே எடுத்துவிட்டார்கள்.

கட்டுப்போட்ட கையால்தான் எனக்குத் தாலி கட்டினார். "நீ சொல்லலன்னாலும் நான் மாட்டியிருப்பேன்" என்பார். மாட்டியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் மெஷினைப் போடுமுன் என் கைகளை முதலில் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் மற்றவர்களை நீட்டச் சொல்கிறேன். என் மோதிரத்தைக் காலையில் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு, சாயங்காலம் எடுத்து மாட்டிக்கொள்கிறேன். அவருடையது அங்கேயே இருக்கிறது.