பசையம்மாவும் நாட்டியம்மாவின் கூரையும்

என் அக்காவைப் போல ஒரு அப்பிராணியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. பேருந்தில் தன் காலை மிதித்தவரிடம் இவளே மன்னிப்புக் கேட்பாள். காய்கறிக்காரர் அழுகின தக்காளியைப் பையில் தள்ளிவிட்டால், பாவம், அவரும் எங்கேதான் கொண்டுபோய்க் கொட்டுவார் என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு பேரையும் பெற்றவள் ஒருத்திதான். ஆனால் வாயை மட்டும் பங்கு போடாமல் மொத்தமாக எனக்கே கொடுத்துவிட்டாள். அப்படிப்பட்ட அக்கா வாழ்நாளில் ஒரே ஒரு பொய் சொன்னாள். அதுவும் வாயால் அல்ல, பென்சிலால்.

அக்காவுக்கு ஆவணக் காப்பகத்தில் வேலை. பெரிய மனிதர்களின் தாள்கள் மூட்டை மூட்டையாக அங்கே வரும். கிழிந்ததை ஒட்டுவது, துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்குவது, மடிப்பை நீவுவது, எண் போட்டுப் பெட்டியில் வைப்பது எல்லாம் இவள் பொறுப்பு. காலையில் போனதும் சின்னச் சட்டியில் மாவுப் பசை காய்ச்சுவாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பசையம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது. அவள் அறைக்குள் பேனா நுழையக் கூடாது, மை சிந்திவிடுமாம். பென்சில்தான். வீட்டிலும் அதே பைத்தியம். நான் கசக்கிப் போட்ட துணிக்கடை ரசீதைப் பொறுக்கி, தலையணைக்கடியில் வைத்து நேராக்கித் திருப்பித் தருவாள். காப்பகத்துக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அங்கே யார் தும்மினாலும் மதியச் சாப்பாட்டுக்குள் எனக்குச் செய்தி வந்துவிடும்.

நாட்டியம்மாவின் தாள்கள் வந்தபோது மூன்று லாரி நின்றது. நாட்டியம்மா யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர் ஊராக, நாடு நாடாக ஆடிவிட்டு, எண்பது வயதில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். தன் பெயர் இருக்கும் ஒரு துண்டுத் தாளைக்கூட அவர் எறிந்ததில்லை. ஒப்பந்தம், விமானச் சீட்டு, ரசிகர் கடிதம், தையற்காரரின் அளவுச் சீட்டு, சலவைக் கடைச் சீட்டு, எல்லாம் பத்திரம். தான் போன பிறகு தன்னைப் பற்றிய ஒரு வரிகூடத் தொலைந்துபோகக் கூடாது என்பது அவருக்கு வெறி. காப்பகத்தின் இயக்குநருக்கும் அதே வெறி. ஜாடிக்கேற்ற மூடி.

இருவரும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். நாட்டியம்மாவின் தனிப்பட்ட தாள்கள், தொழில் சார்ந்த தாள்கள், இதுவரை எழுதியவை, இனி எழுதப்போகிறவை எல்லாம் காப்பகத்துக்கு. "இனி எழுதப்போகிறவை" என்பது இயக்குநர் தம் கையால் சேர்த்தது. அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார். வீடும் காப்பகத்துக்கே. ஆனால் உயிரோடு இருக்கும்வரை நாட்டியம்மா அங்கேயே இருக்கலாம், பழுது பார்ப்பது காப்பகத்தின் பொறுப்பு, வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

அந்த வருஷம் மழை வெளுத்து வாங்கியது. ஓடு நகர்ந்து, நாட்டியம்மா ஆடிப் பழகும் கூடத்தில் முதலில் சொட்டியது. அவர் இயக்குநருக்குப் போன் செய்தார். இயக்குநர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, எழுத்தில் கொடுங்கள், உடனே செய்துவிடலாம் என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. எழுத்தில் இல்லாத எதுவும் அந்தக் கட்டடத்தில் நடந்ததே கிடையாது. நாட்டியம்மாவும் எழுதி அனுப்பினார். அங்கே பிடித்தது சனி.

தபால் பிரிவில் உறையைப் பார்த்தார்கள். நாட்டியம்மாவின் எழுத்து, இனி எழுதப்போகிறவை. நேரே அக்காவின் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா படித்துப் பார்த்து, பதறிப்போய், இயக்குநரிடம் கொண்டுபோனாள். அவர் தாளை ஓரத்தில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இந்த வயதில் என்ன எழுத்து, என்ன எழுத்து என்று உருகினார். இதைக் கட்டடப் பிரிவுக்கு அனுப்பலாமா சார் என்று அக்கா கேட்டிருக்கிறாள். மூலத் தாள் காப்பறையை விட்டு வெளியே போகக் கூடாது என்றார். சரி, தங்கச்சி கடையில் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பலாமா என்றாள். மூலக் கையெழுத்து இல்லாத புகாரைக் கட்டடப் பிரிவு எடுக்காது என்றார். இரண்டும் அவரே போட்ட விதிகள்தான். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லையாம்.

அக்கா என்ன செய்வாள்? தாளை நீவி, எண் போட்டு, பெட்டியில் வைத்தாள்.

பதில் வராததால் நாட்டியம்மா இன்னொன்று எழுதினார். பிறகு இன்னொன்று. கோபம் ஏற ஏறக் கடிதமும் நீண்டது. ஒன்றில், "உங்களுக்கெல்லாம் கண் அவிஞ்சு போச்சா" என்று கேட்டிருந்தார். அதை இயக்குநர் கண்ணாடிப் பேழையில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். ஒழுகல் கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் பரவியபோது கடிதங்களிலும் தண்ணீர் பட்டு மை கரைந்து வந்தது. ஒரு பேராசிரியர் அதைப் பார்த்துச் சொக்கிப்போனார். ஈரமே இவருடைய கடைசிக் காலக் கலையின் மொழி என்று கட்டுரை எழுதி, அதை என் கடையில்தான் பிரதி எடுத்தார். மனசு கேட்காமல் இரண்டு பக்கத்தைத் தலைகீழாக வைத்துக் கொடுத்தேன். அவர் கண்டுபிடிக்கவில்லை.

இதற்கு நடுவில் ஒரு குழுக் கூட்டம். கூரை ஒழுகுவது தனிப்பட்ட விஷயமா, தொழில் சார்ந்ததா, எந்தப் பெட்டியில் வைப்பது? கூடத்தில் ஒழுகினால் தொழில், படுக்கையறையில் ஒழுகினால் தனிப்பட்டது என்று ஒரு தரப்பு. இரண்டுக்கும் நடுச்சுவரில் ஒழுகுகிறதே என்று இன்னொரு தரப்பு. மத்தியானம் வரைக்கும் பேசிவிட்டு, சுவரின் அகலத்தை அளந்து வரச் சொல்லிக் கலைந்தார்கள்.

யோசனை சொன்னது நான்தான். எழுதினால்தானே பெட்டிக்குப் போகிறது, யாரையாவது எழுதச் சொல்லி இவர் கைநாட்டு வைத்து அனுப்பட்டும் என்றேன். அப்படியே அனுப்பினார். போச்சு. உலகத்திலேயே நாட்டியம்மாவின் கட்டைவிரல் ரேகை இருக்கும் ஒரே தாள் என்று இயக்குநர் ஆனந்தக் கண்ணீர் விட்டு, அதைத் தனியாகக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். என் வாயில் மண்ணைப் போட. அதற்குப் பிறகு நான் யோசனை சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

நாட்டியம்மாவுக்கு ஒரு அண்ணன் மகன் உண்டு, வேறு ஊரில் இருப்பவர். கெட்டவர் இல்லை, பயந்தவர். வந்து பார்த்தார். தரை முழுக்க வாளியும் குண்டானும். ஈரத் தரையில் அத்தை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டால் யார் பார்ப்பது? இந்த மாத முடிவுக்குள் கூரை சரியாகவில்லை என்றால் தன் ஊரில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்லி, அங்கே ஒரு கட்டிலுக்கும் சொல்லி வைத்துவிட்டார். நாட்டியம்மா இரண்டு நாள் அவருடன் பேசவில்லையாம். அந்தக் கூடத்தின் தரையில்தான் அவர் ஐம்பது வருஷமாகக் கால் ஊன்றியிருக்கிறார். இன்றைக்கும் காலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைத்துப் பார்ப்பாராம்.

மாதம் ஒரு தடவை புதுத் தாள்களை எடுத்துவர அக்காதான் அந்த வீட்டுக்குப் போவாள். அந்த முறை போனபோது நாட்டியம்மா கட்டிலை, விரித்துத் தொங்கவிட்ட ஒரு குடைக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா, பேழையில் கடிதம் ரொம்ப அழகாக இருக்கிறது, எல்லோரும் பார்க்கிறார்கள் என்று எதையோ உளறியிருக்கிறாள்.

"கண்ணு," என்றாராம் நாட்டியம்மா. "நான் ஆடினதை யாரும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம். என் கட்டில் நனையக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

வீட்டுக்கு வந்த அக்கா தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவளுக்கு அழத் தெரியும், கத்தத் தெரியாது. நான் அவளுக்கும் சேர்த்து இயக்குநரைத் திட்டினேன். திட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துப் படுத்துவிட்டாள்.

மறுநாள் கொண்டுவந்த கடிதங்களுக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தாள். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு சீட்டு உண்டு. அதில் ஒரு வரி: கையெழுத்து இவருடையதா? ஆம், இல்லை. இத்தனை வருஷமாக அக்கா அந்த வரியைப் பார்க்காமலே ஆம் என்ற இடத்தில் குறி போட்டுப் பழகியவள். அன்றைக்குப் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு, கட்டில் நனைந்ததைப் பற்றிய கடிதத்தின் சீட்டில், இல்லை என்ற இடத்தில் குறி போட்டாள்.

அவ்வளவுதான். நாட்டியம்மாவுடையது இல்லை என்றால் அது காப்பகப் பொருள் இல்லை. காப்பகப் பொருள் இல்லாத தாள் பொதுத் தபாலுக்குப் போகும். பொதுத் தபாலில் அது ஒரு சாதாரணப் புகார், மூலக் கையெழுத்தோடு. மாலைக்குள் கட்டடப் பிரிவுக்குப் போய்விட்டது. அங்கே இருக்கும் பொறியாளர் முகவரியை மட்டும்தான் படிப்பார். யார் எழுதினால் என்ன, ஓட்டை ஓட்டைதானே என்று ஆட்களை அனுப்பினார். அவர்கள் ஏறி, உடைந்த ஓடுகளைக் கழற்றி, புதுசு போட்டு, பூசிவிட்டு இறங்கினார்கள். புகழ்பெற்றவராக இல்லாததன் சுகத்தை நாட்டியம்மா அன்றைக்குத்தான் அனுபவித்தார். அடுத்த மழைக்கு அண்ணன் மகன் வந்து தரையைத் தடவிப் பார்த்தார். முதியோர் இல்லக் கட்டிலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கட்டடப் பிரிவின் அறிக்கை இயக்குநர் மேசைக்குப் போனதும் குட்டு வெளிப்பட்டது. அவர் கத்துகிற ஆள் இல்லை. விசாரணை என்று சொல்லி நாட்டியம்மாவையே காப்பகத்துக்கு வரவழைத்தார். அண்ணன் மகன் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல புடவை கட்டி, நிமிர்ந்து நடந்து வந்தார். மேசைமேல் வெல்வெட் துணி விரித்து, அதன்மேல் அந்தக் கடிதம். பக்கத்தில் மற்ற கடிதங்கள் இருந்த பெட்டி. சுவர் ஓரமாக அக்கா.

இயக்குநர் நியாயமான மனிதர், எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். இது நாட்டியம்மாவின் எழுத்து என்றால், பசையம்மா பொய்க் குறி போட்டிருக்கிறாள், வேலை போகும். குழு முடிவு செய்வதற்கு முன்பே கூரையைத் தொட்டதால் அதையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், அதாவது புது ஓடுகளைக் கழற்ற வேண்டும். நாட்டியம்மாவின் எழுத்து இல்லை என்றாலோ, பெட்டியில் இருக்கும் எல்லாக் கடிதங்களும் அதே எழுத்து. அத்தனையிலும் போலி என்று முத்திரை குத்தி வெளியே தள்ள வேண்டியதுதான். பேழையில் இருப்பதும், அதே புகாரைச் சொல்வதால் சட்டத்தில் இருக்கும் கைநாட்டும் சேர்த்து. கடைசி வருஷங்களில் நாட்டியம்மா எதுவும் எழுதவில்லை என்றுதான் பட்டியலில் இருக்கும். சலவைச் சீட்டைக்கூட விடாதவர் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

நாட்டியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். அக்காவைப் பார்க்கவே இல்லையாம்.

"இது யார் எழுதினதுன்னு எனக்குத் தெரியாது சார்," என்றார். "ஆனா எழுதினவளுக்கு ரொம்ப நாளா தூக்கம் இல்லேன்னு தெரியுது."

இயக்குநருக்கு முகம் வெளுத்துவிட்டது. இதை எழுத்தில் கொடுக்க முடியுமா என்று கெஞ்சும் குரலில் கேட்டார். எழுதினால் என் எழுத்து தெரிந்துவிடுமே சார் என்று நாட்டியம்மா சிரித்தார். அண்ணன் மகனுக்கும் அடக்க முடியவில்லை.

முத்திரை குத்தியே ஆக வேண்டும். ஆனால் மையே நுழையாத அறையில் மைப்பெட்டிக்கு எங்கே போவது? என் கடையிலிருந்து எடுத்து வரச் சொன்னார்கள். அதனால்தான் மிச்சத்தை நானே கண்ணால் பார்த்தேன். அக்கா முத்திரையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். தூசியைக்கூட ஊதித் துடைக்காமல் தூரிகையால் தொட்டு எடுக்கிறவள், தான் நீவின ஒவ்வொரு தாளிலும் கறுப்பு மையால் போலி, போலி என்று குத்திக்கொண்டிருந்தாள். கண்ணீர் தாளில் விழாதபடி முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டாள். எனக்கு எவனையாவது அறைய வேண்டும் போல இருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை. நாட்டியம்மா எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவளிடம் கொடுத்தார்.

ஒன்றை மட்டும் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கா இவ," என்றார்.

அக்கா முத்திரையைக் கீழே வைத்துவிட்டாள்.

"போடு கண்ணு," என்று நாட்டியம்மா தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "வீட்டுக்குப் போய்ப் படுக்கணும்."