அத்தான் வெட்டிய வரி

கிரேக்க மொழி சொல்லித்தரும் வாத்தியார் ஒரு வார்த்தைக்காக ஆளையே கொன்றுவிட்டாராம் என்று முடிவெட்டுகிறவர் சொன்னதாகத் தெருவில் பேச்சு. கொல்லவில்லை, அக்கா புருஷனின் கையை உடைத்தார்.

வாத்தியார் பதினோரு வருடம் உயிரைக் கொடுத்து எழுதிய வேதாகம விளக்கநூல் அத்தானின் அச்சகத்தில்தான் அச்சானது. விண்ணரசு பற்றிய வசனத்தில் 'பியாசெத்தாய்' என்றொரு வினைச்சொல் உண்டு. விண்ணரசு தானே முட்டிமோதி நுழைகிறது என்றும் சொல்லலாம், பிறர் கையால் அடிபடுகிறது என்றும் சொல்லலாம். கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம். வாத்தியார் இரண்டையும் எழுதியிருந்தார். அச்சான தாளில் ஒன்றுதான் இருந்தது.

“இன்னொண்ணு எங்க அத்தான்?”

“ஒரு வரி அடுத்த பக்கத்துக்கு ஓடுச்சு மச்சான், வெட்டிட்டேன். அடிபடுறதுன்னே இருக்கட்டும். உன் மூஞ்சிக்கு அதுதான் பொருத்தம்!”

ஆயிரம் பிரதி ஓடி முடிந்திருந்தது. வாத்தியார் மேசைமேல் கிடந்த இரும்புச் சட்டத்தை எடுத்து, தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்த அந்த வலது கையில் ஓங்கி இறக்கினார். எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை. மூன்றாவது அடியில் விரல்கள் கந்தலாகி, தாள்களெல்லாம் ரத்தமாயின. அச்சு இயந்திரம் ஓட்டுகிறவர்தான் வாத்தியாரின் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்துப் போட்டார்.

விரல்களை எடுப்பதா வைப்பதா என்று ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாத்தியாரை வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். தாயில்லாத அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அக்கா. சாலையோரம் நின்று ஆறாவது முறையாக அவளைப் போனில் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.